பம்பு யாருடையது? டர்பனில் ஒரு ரத்தக்குழாய்க் கூட்டாய்வு: நிகழ்வு ஆய்வு

இந்தக் குழுவில் செல் உயிரியலாளராக இருந்தவள் நான். மற்றவர்களின் பெயர்களையும் நிறுவனத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். தவறுகளில் பாதி என் மேசையில் நடந்தவை என்பதால் எதையும் மறைத்து எழுதத் தேவைப்படவில்லை.

பின்னணி

2022 தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் நால்வர் ஒன்று சேர்ந்தோம். ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் டர்பனிலேயே பிறந்த நான்காம் தலைமுறைத் தமிழர். தமிழ் கேட்டால் புரியும், பதில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும், கோபம் வந்தால் முழுக்கத் தமிழில் வரும். பாய்மவியல், அதாவது திரவங்கள் ஓடும் விதம், படித்த பொறியாளர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் திருநெல்வேலியிலிருந்து ஆராய்ச்சிப் பணிக்குப் போனவள். நான்காமவர் ஜூலு பேசும் முதுகலை மாணவர். எங்கள் மூவரின் தமிழையும் ஆறே மாதத்தில் வேறு பிரித்துக் கேட்கப் பழகிவிட்டார்.

எடுத்துக்கொண்ட சிக்கல் டயாலிசிஸ் ஃபிஸ்டுலா. சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு வாரம் மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். இயந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 300 மி.லி. ரத்தத்தை இழுக்கும். சாதாரணச் சிரையால் அவ்வளவு தர முடியாது. அதனால் மணிக்கட்டில் தமனியைச் சிரையோடு தைத்துவிடுகிறார்கள். 1966-ல் நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ குழுவினர் வெளியிட்ட முறை இது. மணிக்கட்டுத் தமனியில் வழக்கமாக நிமிடத்துக்கு 20, 30 மி.லி. தான் ஓடும். தைத்த உடனே அது பத்து மடங்காகும். ஆறு வாரத்தில் 600 மி.லி.யைத் தாண்டி, சிரையும் 6 மி.மீ. அகலமாகிவிட்டால் ஃபிஸ்டுலா பழுத்துவிட்டது என்று சொல்வார்கள்.

பல கைகளில் அது பழுப்பதில்லை. தையலைத் தாண்டிய முதல் சில சென்டிமீட்டரில் சிரையின் உட்சுவர் தடித்து வழி குறுகுகிறது. உடனே கழுத்தில் கத்தீட்டர் என்ற குழாய், அதன் வழியாகத் தொற்று.

டர்பனில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. 1997-ல் டயாலிசிஸ் மறுக்கப்பட்ட தியாகராஜ் சூப்ரமனி என்ற டர்பன்காரர் அரசமைப்பு நீதிமன்றம் வரை போனார். இருக்கும் இயந்திரங்கள் எல்லாருக்கும் போதாது, யாருக்கு என்று மருத்துவமனை வரையறுப்பதில் தவறில்லை என்று தீர்ப்பு வந்தது. அதன்பின் அவர் நெடுநாள் இருக்கவில்லை. ஊரில் சுப்பிரமணியாக இருந்த பெயரை அந்தக் காலத்துக் குமாஸ்தா எழுதிய எழுத்து அப்படியே சூப்ரமனியாக நிலைத்த குடும்பங்கள் இங்கே நிறைய. மருத்துவர் முதல் கூட்டத்திலேயே அந்த வழக்கைச் சொல்லி, "இங்க டயாலிசிஸ் நாற்காலி கிடைக்கறதே கஷ்டம். கிடைச்சவங்க கையில குழாய் அடைச்சுக்கிட்டா அந்த நாற்காலியும் வீண்" என்றார்.

எங்கள் கேள்வி இதுதான்: அந்த இடத்தில் ரத்தம் ஓடும் விதம், குழாயின் உட்சுவரில் படர்ந்திருக்கும் எண்டோதீலியல் செல்களை என்ன செய்கிறது? ஓட்டத்தைக் கணக்கிடுவது பொறியாளர் வேலை. அதே ஓட்டத்தைத் தட்டில் வளர்த்த செல்கள் மேல் விட்டுப் பார்ப்பது என் வேலை. காகிதத்தில் இந்தப் பிரிவினை அழகாக இருந்தது.

முதல் மாதங்கள்: சொற்கள்

முதலில் இடித்தது சொல். நான் "மாடல்" என்றால் எலி, பொறியாளர் "மாடல்" என்றால் சமன்பாடு. மருத்துவருக்கு "கம்ப்ளையன்ஸ்" என்றால் நோயாளி மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்பது, பொறியாளருக்குக் குழாய்ச் சுவர் எவ்வளவு விரிந்து கொடுக்கும் என்பது. ஒரு கூட்டத்தில் இருபது நிமிடம் இருவரும் ஒருவரையொருவர் ஆமோதித்தபடி வெவ்வேறு விஷயம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தமிழும் எங்களைக் காப்பாற்றவில்லை. இலங்கைப் பாடநூலில் செல்லுக்குக் கலம் என்று பெயர். ஒரு நாள் பொறியாளர் போனில், "தங்கச்சி, கலமெல்லாம் கழண்டு போச்சுது" என்றார். செல் வைத்திருந்த கண்ணாடி அறைதான் (செல்கள் மேல் திரவத்தை ஓட்டும் சிறிய பெட்டி) கழன்றுவிட்டது என்று நினைத்து, ஸ்பேனரும் கையுமாக மாடிக்கு ஓடினேன். அறை பத்திரமாக இருந்தது. செல்கள்தான் உரிந்து போயிருந்தன.

இதையெல்லாம் சிரித்துக் கடந்தோம். புரியாதது என்று தெரிந்தால் கேட்டுவிடலாம். புரிந்துவிட்டதாக இருவரும் நினைத்திருந்த இடங்கள்தான் பின்னால் எங்களைக் கவிழ்த்தன.

ஏப்ரல் 2022: வெள்ளமும் ஒரு கையும்

ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனில் பெய்த மழையில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குடிநீர்க் குழாய்கள் அடித்துச் செல்லப்பட்டதால் ஆய்வகத்தில் பல வாரம் தண்ணீர் இல்லை, கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் ஓடவில்லை. செல் வளர்க்க முடியாது.

அந்தச் சும்மா இருந்த நாட்களில் மருத்துவர் எங்களைத் தன் வெளிநோயாளர் பிரிவில் வந்து உட்காரச் சொன்னார். பொறியாளருக்கு விருப்பமில்லை. "எனக்கு அல்ட்ராசவுண்ட் படம் காணும்" என்றார், போதும் என்ற பொருளில். ஆனாலும் வந்தார். அன்று எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாத்தா கையை நீட்டி, "இந்த நரம்பைத் தொட்டுப் பாரு" என்றார். ஊரிலும் சரி, டர்பனிலும் சரி, தமிழ்க் குடும்பங்களில் சிரையை நரம்பு என்றுதான் சொல்வோம். பொறியாளர் மூன்று விரலை வைத்தார். ஃபிஸ்டுலாவின் மேல் கை வைத்தால், மடியில் படுத்த பூனை உறுமுவதுபோல் ஓர் அதிர்வு இருக்கும். விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார், உறுமல் நின்று, நாடி மட்டும் தட்டியது. இன்னும் மேலே போனதும் திரும்ப உறுமல்.

அவருடைய கணக்கில் அதுவரை குழாய் வட்டமானது, நேரானது, ஓட்டம் மாறாமல் சீரானது. அன்று மாலையே வடிவத்தை மாற்றினார். சுவர் அசையாது என்று வைத்துக்கொண்டதை மட்டும் விட்டுவைத்தார். அதுவும் தவறுதான், ஆனால் தெரிந்தே செய்த தவறு. எழுதி வைத்துவிட்டுத்தான் செய்தார். அதற்குப் பிறகு வாரம் ஒரு காலை அவர் அங்கே உட்காருவது வழக்கமாயிற்று. 1956-ல் கேப் டவுனில் மருத்துவமனைக்கு இயற்பியலாளர் இல்லாமல் போக, பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆலன் கோர்மாக் வாரத்தில் ஒன்றரை நாள் அங்கே போய் உட்கார்ந்தார். அங்கே கிளம்பிய கேள்விதான் சி.டி. ஸ்கேனுக்கான கணிதமாகி 1979-ல் நோபல் பரிசில் முடிந்தது. எங்கள் பொறியாளர் இதை அடிக்கடி சொல்வார். ஆனால் ஒன்றரை நாளுக்கு எங்கள் துறை சம்பளம் ஒதுக்கவில்லை.

தொப்புள்கொடி

செல்கள் பிரசவ அறையிலிருந்து வந்தன. தொப்புள்கொடியின் சிரையைக் கழுவி, நொதி விட்டு, உட்சுவர்ச் செல்களைப் பிரிப்பது 1970-களிலிருந்து இருக்கும் முறை. தாயின் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

பல ஜூலு தாய்மார்கள் மறுத்தார்கள். தொப்புள்கொடியை வீட்டு மண்ணில் புதைப்பது அவர்கள் வழக்கம். முன்னோரோடு பிள்ளையைக் கட்டும் இடம் அது, "இன்காபா" என்பார்கள். தொப்புள்கொடி உறவு என்று தினமும் சொல்லும் எனக்கே இது முன்கூட்டித் தோன்றாதது வெட்கம்தான். எங்கள் மாணவர்தான் சம்மதப் படிவத்தை ஜூலுவில் திருத்தி எழுதினார். மறுத்தால் சிகிச்சையில் எதுவும் குறையாது என்பது முதல் வரி. கொடியைத் திருப்பித் தர இயலாது என்பது இரண்டாவது வரி, மறைக்காமல். வரும் கொடிகளின் எண்ணிக்கை குறைந்தது. செல் ஏன் தாமதம் என்று கேட்டுக்கொண்டிருந்த பொறியாளருக்கு விளக்கம் சொன்னதும் அந்தக் கேள்வி நின்றது. இந்த முடிவை இன்றும் மாற்ற மாட்டேன்.

ஆகஸ்ட் முதல் நவம்பர் 2022: திரும்பாத செல்கள்

ஓட்டத்தில் வைத்த எண்டோதீலியல் செல்கள் ஒரு நாளில், அதிகமானால் இரண்டு நாளில், ஆற்றோட்டத்தில் கோரைப்புல் சாய்வதுபோல நீண்டு ஓட்டத்தின் திசைக்குத் திரும்ப வேண்டும். புத்தகத்தில் படமே உண்டு. அதற்குச் சுவரில் படும் உரசல் தகைவு, அதாவது ஓட்டம் சுவரை உரசி இழுக்கும் விசையின் அளவு, 1.5 பாஸ்கல் அளவில் இருந்தால் போதும்.

எங்கள் செல்கள் திரும்பவில்லை. 24 மணி நேரம் பார்த்தோம், 48 மணி நேரம் பார்த்தோம். கூழாங்கல் பரப்பியதுபோல் அப்படியே கிடந்தன. ஏழு முறை செய்தும் அதே கதை.

பொறியாளர் செல்கள் கிழடாகிவிட்டன என்றார். நான் அறை ஒழுங்காக இல்லை என்றேன். அவரவர் பக்கத்தை அவரவர் இன்னும் கவனமாகச் செய்தோம். நான் புதிய கொடியிலிருந்து செல் எடுத்தேன், செல் ஒட்டுவதற்கான தட்டுப் பூச்சை மாற்றினேன். அவர் கணக்கை மூன்றாம் முறை சரிபார்த்தார். கணக்கு சரியாகவே இருந்தது.

நவம்பரில் ஒரு நாள் வளர்ப்புத் திரவத்தை என் குப்பியிலிருந்து அவருடைய தொட்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர், "இது என்ன, தண்ணி மாதிரி ஓடுது?" என்றார். தண்ணிதானே, கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் சீரமும் சேர்ந்த தண்ணி என்றேன். அவர் பதில் சொல்லாமல் போய் நோட்டை எடுத்து வந்தார்.

அறையில் உரசல் தகைவைத் தருவது எளிய சூத்திரம்: பாகுநிலையையும் (திரவம் எவ்வளவு கெட்டி என்பது) ஓட்டத்தையும் ஆறையும் பெருக்கி, அகலத்தாலும் உயரத்தின் வர்க்கத்தாலும் வகுக்க வேண்டும். எங்கள் அறை 14 மி.மீ. அகலம், 250 மைக்ரோமீட்டர் உயரம். பாகுநிலைக்கு அவர் ரத்தத்தின் மதிப்பைப் போட்டிருந்தார், 3.5 மில்லிபாஸ்கல் வினாடி. ரத்தக்குழாய் ஆய்வில் வேறு எதைப் போடுவார்? அதன்படி பம்பு நிமிடத்துக்கு 3.75 மி.லி. தள்ளினால் போதும். ஆனால் 37 டிகிரியில் வளர்ப்புத் திரவத்தின் பாகுநிலை தண்ணீரைவிடச் சற்றே அதிகம், சுமார் 0.72 தான். செல்கள் மேல் விழுந்தது 1.5 பாஸ்கல் அல்ல, 0.3. நான்கு மாதமாக ஐந்தில் ஒரு பங்கு விசையில் செல்களை வைத்துக்கொண்டு ஏன் திரும்பவில்லை என்று சண்டை போட்டிருக்கிறோம்.

யாரும் பொய் சொல்லவில்லை. திரவம் தண்ணீர் போன்றது என்பது எனக்குச் சொல்லவே தோன்றாத அளவுக்குத் தெரிந்த விஷயம். பாகுநிலை கேட்டு வாங்க வேண்டிய எண் என்பது அவருக்கும் அதே மாதிரி. நான் பாகுநிலை என்று படித்ததை அவர் பிசுக்குமை என்று படித்தவர். அது காரணமல்ல. இரண்டு சொல்லில் எதையுமே அந்த நான்கு மாதத்தில் நாங்கள் உச்சரிக்கவில்லை.

எடுத்த முடிவு

இரண்டு வழி இருந்தன. திரவத்தில் டெக்ஸ்ட்ரான் கலந்து ரத்தத்தின் அளவுக்குக் கெட்டியாக்கலாம், அல்லது ஓட்டத்தைக் கூட்டலாம். பொறியாளருக்கு முதல் வழி பிடித்தது, ஏனென்றால் அவர் கணக்கு அப்படியே நிற்கும். நான் மறுத்தேன். நீண்ட சர்க்கரைச் சங்கிலியைச் செல்லோடு போட்டால் பிறகு வரும் எந்த மாற்றத்துக்கும் அதையும் சந்தேகப்பட வேண்டும். ஓட்டத்தை நிமிடத்துக்கு 18 மி.லி.க்கு ஏற்றினோம். இதற்குத் திரவம் அதிகம் வேண்டும், செலவு கூடும். தெரிந்தே ஒப்புக்கொண்டோம்.

அடுத்த ஓட்டத்தில் செல்கள் திரும்பின. ஆனால் ஒரு தட்டில் திரும்பியவை மறு தட்டில் உரிந்தன.

ஜனவரி முதல் மார்ச் 2023: கேஸ்கெட், குமிழி, மின்சாரம்

உரிந்ததற்குக் காரணம் கேஸ்கெட், அறையின் உயரத்தைத் தரும் கசிவு தடுக்கும் தாள். 250 மைக்ரோமீட்டர் சிலிக்கோன் தாளைக் காலிப்பரில் அளந்துதான் வைத்தோம். நாலு திருகையும் முறுக்கிய பிறகு யாரும் அளக்கவில்லை. சிலிக்கோன் நசுங்கும். 200-க்கு நசுங்கினால், உயரம் வர்க்கத்தில் வருவதால், தகைவு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறி 2.3 பாஸ்கலைத் தாண்டும். எங்கள் மாணவர் மெதுவாக முறுக்குபவர், நான் ஊறுகாய் ஜாடி மூடிபோல இறுக்குபவள். இருவர் தட்டுகளையும் பிரித்துப் பார்த்தபோது உரிந்தவை எல்லாம் என்னுடையவை. சிலிக்கோனுக்கு உள்ளே 250 மைக்ரோமீட்டர் எஃகுத் தகடு ஒன்றை வைத்ததும் திருகு எவ்வளவு இறுகினாலும் உயரம் மாறவில்லை. பொறியாளர் ஒரு மதியத்தில் வெட்டித் தந்தார். முதல் நாளே என்னைத் திருகு முறுக்க விட்டுப் பக்கத்தில் நின்றிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

குமிழி வேறு கதை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த திரவத்தை நேரே ஓட்டினால், செல்களைக் கதகதப்பாக வைக்கும் இன்குபேட்டரில் சூடாகும்போது கரைந்திருந்த காற்று பிரியும். ஒரு குமிழி செல்கள் மேல் உருண்டால் பின்னால் வெறும் கண்ணாடிப் பாதைதான். முந்தின இரவே திரவத்தை உள்ளே வைத்துவிடுவது என்று விதி போட்டோம்.

பிறகு பிப்ரவரி. நாடு முழுக்க ஆறாம் கட்டச் சுமைக்குறைப்பு, ஒரு நாளில் பல முறை மின்வெட்டு. என் இன்குபேட்டருக்கு யூபிஎஸ் உண்டு. செல் விஷயம், எப்போதோ வாங்கி வைத்தது. பம்பு பொறியியல் துறைச் சொத்து, பக்கத்துச் சாதாரண பிளக்கில் இருந்தது. இரவு இரண்டு மணி வெட்டில் பம்பு நின்றது. செல்கள் கதகதப்பாக, ஓட்டமில்லாமல் கிடந்தன. மின்சாரம் வந்ததும் பம்பு பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை. வாங்கியபோது வந்த உச்ச வேகத்தில் ஓடத் தொடங்கியது. காலையில் போனபோது திரவம் கலங்கலாக இருந்தது. ஆறு தட்டு, மூன்று கொடி, இரண்டு வார வேலை.

அன்றைய கூட்டம் கசப்பானது. பம்பை யூபிஎஸ்ஸில் போடாதது யார் என்று கேட்டால் இருவருமே மற்றவர் என்று நேர்மையாக நம்பினோம். மருத்துவர் அப்போதுதான் தமிழுக்கு மாறினார். "பம்பு யாருது? அதை மொதல்ல சொல்லுங்க" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை.

பின் வந்த மாற்றங்கள்

பெரிய நிர்வாகச் சீர்திருத்தம் எதுவும் நடக்கவில்லை. சுவரில் ஒரு தாள் ஒட்டினோம். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போகும் எண்களும் பொருட்களும் மட்டும் அதில் இருக்கும்: திரவத்தின் பாகுநிலை, முறுக்கிய பின் அறையின் உயரம், பம்பின் மீள்தொடக்க வேகம், எந்த பிளக், தகைவு எந்த அலகில். உயிரியல் கட்டுரைகள் இன்னும் சதுர சென்டிமீட்டருக்கு டைன் என்று எழுதும், பொறியாளர்கள் பாஸ்கல் என்பார்கள், இடையே பத்து மடங்கு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரே ஒரு பெயர். இரண்டு பெயர் எழுதினால் அடித்துவிடுவோம்.

கூடவே, மாதம் ஒரு ஓட்டத்தை ஆள் மாற்றிச் செய்தோம். பொறியாளர் செல் பிரித்தார், நான் பம்பை அளவுதிருத்தினேன். அவர் முதல் முறை பிரித்த செல்கள் மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்தன. அதற்குப் பிறகு புதுச் செல் கேட்டு அவசரப்படுத்தியதில்லை.

விளைவு

2023 இறுதிக்குள் ஃபிஸ்டுலாவின் உள்வளைவில் பொறியாளர் கணக்கிட்ட முன்னும் பின்னும் ஆடும் ஓட்டத்தை அறையில் உருவாக்க முடிந்தது. ஒரே திசையில் துடித்து ஓடும் ஓட்டத்தில் செல்கள் வரிசையாகின, ஆடும் ஓட்டத்தில் கூழாங்கல்லாகவே நின்றன. இது உலகம் அறிந்ததுதான், எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. எங்கள் நோயாளிகளின் கை வடிவத்தை வைத்து, எந்தச் சென்டிமீட்டரில் அது நடக்கிறது என்று காட்டியது மட்டும் எங்களுடையது. "அந்த இடம் எனக்கு விரல் வெச்சாலே தெரியுமே" என்றார் மருத்துவர். நியாயமான பேச்சு. ஆனால் அதற்குப் பிறகு அவருடைய அல்ட்ராசவுண்ட் அறையில் தையலுக்கு அப்பால் எத்தனை மி.மீ.யில் அளக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் குறிக்கத் தொடங்கினார்கள். முன்பு அப்படி இல்லை. மாணவர் முதுகலை முடித்தார். கட்டுரை ஒரு முறை திரும்பி வந்தது. அந்தத் தாத்தாவின் மணிக்கட்டு ஃபிஸ்டுலா 2023-ல் அடைத்துக்கொண்டது. முழங்கைக்கு மேல் புதிதாக ஒன்று போட்டார்கள், அது பழுத்தது. எங்கள் ஆய்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மீண்டும் தொடங்கினால்

செல் வருவதற்கு முன் முதல் ஒரு மாதம் வெறும் திரவத்தை ஓட்டிப் பார்ப்பேன், அளவுகளை எல்லாரும் நின்று எடுப்போம். பாகுமானியை முதலில் வாங்குவேன். ஒரு நாளைக்கு இரவல் கேட்டால் அடுத்த கட்டடத்திலேயே கிடைத்திருக்கும், கேட்கத்தான் தோன்றவில்லை. பொறியாளரின் வெளிநோயாளர் பிரிவு நேரத்தைச் சம்பளத்தோடு திட்டத்தில் எழுதுவேன். கட்டுரையில் யார் பெயர் எங்கே என்பதைத் தரவு வருவதற்கு முன் பேசுவேன். நாங்கள் பின்னால் பேசினோம், இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது, அதை இங்கே விரிக்க விருப்பமில்லை.

பம்புக்கு யூபிஎஸ் கேட்டு மார்ச் 2023-ல் கொள்முதல் பிரிவுக்கு எழுதினோம். எந்தத் துறைக் கணக்கில் என்று கேட்டுக் கோப்பு மூன்று முறை திரும்பியது. 2024 மார்ச் 26-ல் நாட்டில் சுமைக்குறைப்பை நிறுத்தினார்கள். யூபிஎஸ் ஏப்ரலில் வந்தது. பெட்டியின் மேல் இரண்டு துறைகளின் பெயரும் இருந்தன. மாணவர் ஒன்றை அடித்துவிட்டு உள்ளே எடுத்து வந்தார்.